கரண்ட் போனால் போகட்டும்: ஏழு வருடம் டீமக்ஸ் பாவித்த கதை

“தங்கச்சி, புக்கிங் எல்லாம் இருக்கு. அறையைத்தான் காணேல்லை.”

2018 சித்திரை, வருடப்பிறப்பு முடிந்து இரண்டு நாள். திருகோணமலை உப்புவெளியில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் ஒரு ஐயா காலை ஆறரைக்கு போன் எடுத்துச் சொன்னது இது. அவர் சொன்னதில் பிழை இல்லை. முதல் நாள் இரவு அவருடைய முன்பதிவுத் தளத்தைப் பழைய சேர்வரில் இருந்து புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தேன். டேட்டாபேஸ் டம்ப் ஃபைலை (முழுத் தரவின் நகலை) ஏற்ற விட்டேன். ஓடுகிறது, முடியட்டும் என்று படுத்துவிட்டேன். சாமத்தில் கரண்ட் போயிருக்கிறது. ரவுட்டர் அணைந்தது, இணைப்பு அறுந்தது, ஏற்றிக்கொண்டிருந்த கட்டளையும் பாதியில் செத்தது. டம்ப் ஃபைலில் அட்டவணைகள் ஆங்கில அகரவரிசையில்தான் வரும். புக்கிங்ஸ் ‘பி’யில் தொடங்குவதால் ஏறிவிட்டது. ரூம்ஸ் ‘ஆர்’ என்பதால் வரிசையில் நின்றபடியே போய்விட்டது. ஆட்கள் வருகிறார்கள், படுக்க இடமில்லை. மே மாதம் சீசன் தொடங்க முந்தி நடந்ததால் தப்பினேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்கள் சிலவற்றின் தளங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். இருப்பது உவர்மலையில், அப்பா அம்மாவுடன். மேல்மாடி அறை ஜன்னலால் உட்துறைமுகம் தெரியும். சேர்வர் இருப்பது சிங்கப்பூரில், மாத வாடகைக்கு. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு ரவுட்டர், ஒரு கிழட்டு யூபிஎஸ், கம்பத்தில் ஆடும் ஒரு வயர், அப்புறம் கடல். வாடைக்காற்று தொடங்கினால் அந்த வயர் ஆடும் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

அன்று காலை முழுக்க டம்பை முதலில் இருந்து ஏற்றிக்கொண்டே, இது ஏன் நடந்தது என்று தேடினேன். காரணம் பழையது. எஸ்.எஸ்.எச் (தூரத்துச் சேர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் லினக்ஸ் சேர்வருக்குள் போனால் உங்களுக்காக அங்கே ஒரு போலி டெர்மினல், அதாவது கட்டளை அடிக்கும் திரை, உருவாகும். அது மூடப்பட்டால், அதில் இருந்து கிளப்பிய வேலைகளுக்கு ‘சிக்ஹப்’ என்ற சமிக்ஞை போகும். ‘ஹப்’ என்பது ஹேங்அப்பின் சுருக்கம். டெலிபோன் லைனில் மோடம் போட்டு வேலை செய்த காலத்துச் சொல். போனை வைத்துவிட்டான், ஆள் போய்விட்டான், அவன் வேலையையும் நிறுத்து என்று அன்றைக்கு எழுதிய சட்டம் இன்றைக்கும் அப்படியே ஓடுகிறது. நான் போனை வைக்கவில்லை, கரண்ட்தான் போனது என்று லினக்ஸிடம் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

இதற்கு ‘நோஹப்’ என்று ஒரு கைமருந்து உண்டு. கட்டளைக்கு முன்னால் அதைப் போட்டால் அந்தச் சமிக்ஞை காதில் விழாது. நானும் ஒரு மாதம் அதைத்தான் பாவித்தேன். ஆனால் நடுவில் ‘ஆமா, இல்லையா’ என்று கேட்கும் வேலைகளுக்கு அது உதவாது. வேலை எங்கோ பின்னால் ஓடும். கேள்வி கேட்டால் பதில் சொல்லத் திரும்ப உள்ளே போக வழி இல்லை. அப்படித்தான், லைன் அறுந்தாலும் சேர்வரில் வேலையை ஓடவைத்து, திரும்ப உள்ளே போகவும் விடும் டீமக்ஸுக்கு (tmux) வந்தேன்.

டீமக்ஸ் 2007இல் நிக்கலஸ் மரியட் எழுதத் தொடங்கியது. 2009இல் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் இதைத் தன் அடிப்படைத் தொகுப்பிலேயே சேர்த்துக்கொண்டது. காசு இல்லை. உபுண்டுவில் ஏபிடி மூலம் ஒரே வரியில் நிறுவலாம், என் சேர்வரில் ஏற்கெனவே இருந்தது. பார்வைக்கு ஒரு புரோகிராம், உள்ளே இரண்டு. ஒன்று சேர்வரில் தங்கி உங்கள் ஷெல்களை (கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்களை) வைத்துக்கொள்ளும். மற்றது அதை எட்டிப் பார்க்கும் ஜன்னல். உலை சிங்கப்பூரில் கொதிக்கிறது, நான் ஜன்னலால் பார்க்கிறேன். என் லைன் அறுந்தால் ஜன்னல்தான் மூடும், உலைக்கு ஒன்றும் ஆகாது. ‘சிக்ஹப்’ வந்தாலும் ஜன்னலுக்குத்தான் வரும்.

‘டீமக்ஸ் நியூ -எஸ் கன்னியா’ என்று அடித்தால் கன்னியா என்ற பெயரில் ஒரு செஷன் திறக்கும். (கட்டளையை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.) வேலையைத் தொடங்கிவிட்டு கொன்ட்ரோல்-பி அழுத்திக் கையை எடுத்து, டி அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். நாளைக்கோ மறுநாளோ, வேறு லப்டொப்பில் இருந்தோ போனில் இருந்தோ ‘டீமக்ஸ் ஏ’ என்று அடித்தால் விட்ட இடத்தில் இருப்பீர்கள். அன்றாடத்துக்கு இந்த மூன்றும் போதும். மற்றதெல்லாம் ஆசைக்கு.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உறைத்தது 2022இல். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டினார்கள், ஞாபகம் இருக்கும். டொலரும் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போனது. சேர்வர் வாடகை டொலரில் என்பதால் 2 ஜிபியில் இருந்து 1 ஜிபிக்கு இறங்கினேன். கரண்ட் இருக்கும் நேரத்தில் வேலையைக் கிளப்பிவிட்டு, இல்லாத நேரத்தில் சமைத்து, தூங்கி, திரும்ப வந்ததும் பார்ப்பது என்று நாளையே மாற்றி அமைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை.

“கரண்ட் இல்லை, கொம்பியூட்டர் மூடிக்கிடக்கு. எப்படிப் பிள்ளை வேலை நடக்குது எண்டு சொல்லுறாய்?”

“அங்க நடக்குதம்மா.”

“அப்ப நீ என்னத்துக்கு இஞ்ச முழிச்சுக்கொண்டு இருக்கிறாய்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றில் இருந்து நேரத்துக்குப் படுக்கிறேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த சோதனை 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. உப மின் நிலையம் ஒன்றுக்குள் குரங்கு புகுந்து நாடு முழுக்க இருண்ட அன்று. அப்பாவிடம் பழைய கோயில் திருவிழா மலர்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஸ்கேன் செய்து வைத்திருந்தேன், மொத்தம் 1,460 பக்கம். அவற்றை டெசராக்ட் கொண்டு எழுத்தாக மாற்ற அன்று காலை ஐந்தரைக்குக் கிளப்பியிருந்தேன். ஒரு கோர் மட்டும் உள்ள சேர்வர் என்பதால் ஆறு ஏழு மணிநேரம் ஆகும் என்று கணக்கு. பதினொன்றரை போல மின்விசிறி நின்றது. யூபிஎஸ் கொஞ்ச நேரம் கத்தியது, அப்புறம் அதுவும் களைத்துவிட்டது. போன் சிக்னலும் ஒரு கோட்டுக்கு வந்தது. லப்டொப்பை மூடிவிட்டு, நானும் அப்பாவும் டச்சு விரிகுடாப் பக்கம் காற்று வாங்கப் போனோம். கோட்டை வாசலில் மான்கள் படுத்துக் கிடந்தன. குரங்குக்கு இருந்த வேலை அவைக்கு இல்லை.

பின்னேரம் கரண்ட் வந்ததும் உள்ளே போய் ‘டீமக்ஸ் ஏ’ அடித்தேன். திரை ஒரு முறை சிமிட்டியது. கடைசி வரியில் பக்கம் 1460, அதற்குக் கீழே டொலர் குறி, அதன் பக்கத்தில் துடிக்கும் கர்சர். வேலை முடிந்து எத்தனையோ மணிநேரமாக அங்கே ஆள் வரும் வரை காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “எழுத்துப் பிழை கனக்கக் கிடக்கு” என்றார். அது டெசராக்டின் குறை, டீமக்ஸ் மேல் பழி போட மாட்டேன்.

சரி, குறைகளுக்கு வருவோம். ஏழு வருடத்தில் நிறையச் சேர்ந்துவிட்டது.

முதலாவது, கொன்ட்ரோல்-பி. இடது கைச் சுண்டுவிரலால் ஒன்றையும் சுட்டுவிரலால் மற்றதையும் அழுத்த, கை நண்டு மாதிரி விரியும். பலர் இதை கொன்ட்ரோல்-ஏ என்று மாற்றிக்கொள்வார்கள். ஆனால் ஷெல்லில் வரியின் தொடக்கத்துக்குப் போவதும் கொன்ட்ரோல்-ஏ தான், அது எனக்கு நாளுக்கு நூறு முறை வேண்டும். அதனால் நண்டாகவே இருக்கிறேன். ஒரு செஷனுக்குள் திறக்கும் தனித்தனித் திரைகளுக்கும் டீமக்ஸில் ஜன்னல் என்றுதான் பெயர். அந்த ஜன்னல்களுக்கு இலக்கம் 0இல் இருந்து தொடங்குவதும் ஒரு கோணல். 1 இடது ஓரத்தில், 0 வலது ஓரத்தில், முதல் ஜன்னலுக்குப் போகக் கீபோர்டின் மறுகரைக்குப் பயணம். நல்ல காலம், ‘பேஸ்-இண்டெக்ஸ்’ என்பதை 1 ஆக்கினால் சரியாகிவிடும்.

இதைவிடப் பெரிய தொல்லை எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் வருவது. வாடிக்கையாளருக்குத் தமிழில் மெசேஜ் அடித்துவிட்டு, கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்து டெர்மினலுக்கு வருவேன். நான் பாவிப்பது பாமினி வரிசை. கொன்ட்ரோல்-பி வேலை செய்யும். அடுத்து டி அழுத்தினால் போவது ‘ன’. டீமக்ஸுக்கு ‘ன’ என்ன தெரியும்? சும்மா இருக்கும். திரும்ப அழுத்துவேன், திரும்பவும் சும்மா இருக்கும். சேர்வர் தொங்கிவிட்டது என்று நெஞ்சு பதறிய நாட்கள் உண்டு. கடைசியில் ஒரு நாள் அமைப்பு ஃபைலில் ‘பைண்ட் ன டிட்டாச்’ என்று எழுதிப் பார்த்தேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது! தமிழ் எழுத்தைச் சாவியாக வைக்க விடும் மென்பொருள் இது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது தமிழிலும் வெளியேறலாம்.

ஆனால் தமிழைத் திரையில் காட்டுவதில் அவ்வளவு நேர்த்தி இல்லை. சேர்வரில் மொழி அமைப்பு யூடிஎஃப்-8 ஆக இல்லாவிட்டால் தமிழ் எழுத்து எல்லாம் அடிக்கோடு அடிக்கோடாகத் தெரியும். ‘டீமக்ஸ் -யூ’ என்று கிளப்பினால் அது போய்விடும். போனபின் அடுத்தது தொடங்கும். டெர்மினல் என்பது சதுரக் கட்டக் கொப்பி, ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். ‘கொ’ எத்தனை கட்டம்? ‘ஸ்ரீ’ எத்தனை? கொம்பையும் அரவையும் குற்றையும் டெர்மினல் ஒரு விதமாக எண்ணும், டீமக்ஸ் ஒரு விதமாக எண்ணும். திரையை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் தமிழ் ஃபைலைத் திறந்தால் நடுக்கோடு வரிக்கு வரி முன்னும் பின்னும் போய் வரும், பல்லு விழுந்த சீப்பு மாதிரி. கர்சர் ஒரு இடத்தில் துடிக்கும், எழுத்து வேறு இடத்தில் அழியும். அப்பாவின் மலர்களைத் திருத்தும்போது இது உயிரை எடுத்தது. இப்போது தமிழ் ஃபைல்களை லப்டொப்புக்கு இறக்கித்தான் திருத்துகிறேன். டீமக்ஸை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. இந்தக் கட்டக் கொப்பிகள் உருவானபோது அவற்றைச் செய்தவர்கள் மனதில் எங்கள் எழுத்து இருந்ததில்லை.

பின்னோக்கிப் போய்ப் பார்ப்பதும் ஒரு வில்லங்கம். டீமக்ஸ் இயல்பாக 2000 வரிதான் ஞாபகம் வைத்திருக்கும். ஒரு முறை பெக்கப் ஓடி முடிந்து “3 பிழைகள்” என்று காட்டியது. எந்த மூன்று என்று மேலே போய்ப் பார்த்தால் வரலாறே இல்லை. ‘ஹிஸ்டரி-லிமிட்’டைக் கூட்டலாம். ஆனால் கூட்டிய பிறகு திறக்கும் ஜன்னலுக்குத்தான் அது பொருந்தும், ஏற்கெனவே திறந்து கிடப்பது பழைய 2000இலேயே இருக்கும். நான் கூட்டிவிட்டேன் என்று நம்பிக்கொண்டு இரண்டாம் முறையும் ஏமாந்தேன். மேலே போவதற்கு கொன்ட்ரோல்-பி அழுத்திச் சதுர அடைப்புக்குறி போட வேண்டும், சக்கரத்தை உருட்டினால் போகாது. ‘மவுஸ் ஒன்’ என்று அமைத்தால் சக்கரம் வேலை செய்யும், ஆனால் இழுத்துத் தெரிவு செய்வது டீமக்ஸின் சொந்தப் பைக்குள் போய்விடும், பல டெர்மினல்களில் வெளியே ஒட்ட முடியாது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் பழையபடி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது என்று சொல்ல வெட்கம்தான்.

இனி தம்பி கதை. மட்டக்களப்பில் இருக்கும் சித்தியின் மகனுக்கு இந்த வேலையைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே செஷனில் இரண்டு பேர் ஒரே நேரம் நுழையலாம் என்பது டீமக்ஸில் எனக்கு மிகப் பிடித்த விஷயங்களில் ஒன்று. நான் அடிப்பது அவனுக்கும் தெரியும், அவன் அடிப்பது எனக்கும் தெரியும். போனில் பேசிக்கொண்டே ஒரே திரையைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கலாம். வீடியோ கோலில் திரையைப் பகிர்வதற்கு ஆகும் டேட்டாவில் ஒரு துளி கூட ஆகாது.

“அக்கா, நீங்க தட்டத் தட்ட எனக்கு எழுத்து வருது. பேய் வந்து அடிக்கிற மாதிரி இருக்கு.”

“பேய் இப்ப சொல்லுறதைக் கவனி. அந்த ஃபைலைத் திற.”

முதல் நாள் என் திரையின் ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாக நிறைந்து, வேலை செய்யும் இடம் ஒரு மூலையில் ஒடுங்கிவிட்டது. பிழை என்று நினைத்தேன். அவன் போனில் இருந்து நுழைந்திருக்கிறான், அவனுடைய சின்னத் திரைக்கு டீமக்ஸ் என் திரையைச் சுருக்கிவிட்டது. பழைய பதிப்புகளில் இருப்பதில் சிறிய திரைதான் அளவு. இப்போது கடைசியாகத் தொட்டவரின் திரைதான் அளவு, கொஞ்சம் பரவாயில்லை. நீங்களே போனில் திறந்து மறந்துபோன ஜன்னல் இப்படித் தொல்லை தந்தால், ‘டீமக்ஸ் அட்டாச் -டி’ என்று நுழைந்து மற்ற எல்லாவற்றையும் வெளியே தள்ளலாம்.

அன்று பாடம் முடிந்து “சரி தம்பி, வெளியில வா” என்றேன். அவன் ‘எக்ஸிட்’ என்று அடித்தான். எனக்கும் திரை போனது. அந்த செஷனில் இருந்தது ஒரே ஒரு ஷெல், அதை முடித்ததும் செஷனே இல்லாமல் போய்விட்டது. போகும்போது கதவைச் சாத்து என்றால் வீட்டையே இடித்துவிட்டுப் போயிருக்கிறான். நல்லவேளை உள்ளே ஒன்றும் ஓடவில்லை. வெளியே வருவது வேறு, முடிப்பது வேறு. புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் இந்தக் குழியில் ஒரு முறையாவது விழுகிறார்கள், இரண்டுக்கும் எந்த எச்சரிக்கையும் டீமக்ஸ் காட்டாது.

அதே தம்பி அப்புறம் இன்னொன்றும் செய்தான். தான் எழுதிய ஒரு சின்ன வெப் அப்ளிகேஷனை டீமக்ஸுக்குள் ஓட விட்டு, “ரெண்டு மாசமா நிக்காமல் ஓடுது அக்கா” என்று பெருமைப்பட்டான். சேர்வர் வாடகைக்குத் தருபவர்கள் பராமரிப்பு என்று சொல்லி ஒரு இரவு மறுதொடக்கம் செய்தார்கள். காலையில் அப்ளிகேஷனும் இல்லை, செஷனும் இல்லை. டீமக்ஸ் உங்கள் லைன் அறுவதைத் தாங்கும், சேர்வரே அணைந்தால் தாங்காது. எல்லாம் மெமரியில்தான் இருக்கிறது. ‘ரெசரெக்ட்’ என்று ஒரு செருகி உண்டு. ஜன்னல்களையும் பிரிவுகளையும் அவை இருந்த டைரக்டரிகளையும் திரும்பக் கட்டித் தரும். பாதியில் நின்ற டேட்டாபேஸ் ஏற்றத்தைத் தொடர்ந்து ஓட்டித் தராது. நாள் கணக்கில் நிற்க வேண்டிய சேவைகளை, லினக்ஸில் சேவைகளைக் கிளப்பிக் கவனிக்கும் சிஸ்டம்டியிடம் கொடுங்கள், அது மறுதொடக்கம் ஆனாலும் எழுப்பிவிடும். டீமக்ஸில் ஓட விட்டுப் பெருமைப்படும் பெடியன்மாரை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

சிஸ்டம்டி என்றதும் இன்னொன்று. 2016இல் வந்த அதன் 230ஆம் பதிப்பு, நீங்கள் வெளியேறியதும் உங்கள் பெயரில் ஓடும் எல்லாவற்றையும் கொன்றுவிடுவதை இயல்பாக்கியது. டீமக்ஸும் அதில் அடக்கம். பெரிய சண்டை நடந்தது. டெபியன் லினக்ஸ் அந்த அமைப்பை அணைத்துவிட்டது, உபுண்டுவில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வேறு யாரோ அமைத்த சேர்வரில் டிட்டாச் செய்து வெளியேறி, திரும்ப வந்தால் செஷன் மாயமாகியிருந்தால், சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் இதுதான். ‘லொகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்’ என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு, டீமக்ஸை ‘சிஸ்டம்டி-ரன் --யூசர் --ஸ்கோப்’ வழியாகக் கிளப்பினால் தப்பும்.

டீமக்ஸ் வேலையைக் காப்பாற்றும், இணைப்பைக் காப்பாற்றாது. வீட்டில் இருந்தால் இது பொருட்டில்லை. கொழும்புக்கு இரவு மெயிலில் போகும்போதுதான் தெரியும். கந்தளாய் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் சிக்னல் வந்து வந்து போகும். எஸ்.எஸ்.எச் உறைந்து நிற்கும், அதை மூடி, திரும்பத் திறந்து, பாஸ்வேர்ட் அடித்து, டீமக்ஸை எடுத்து, ஒரு வரி அடிப்பதற்குள் திரும்பவும் காடு. இதற்கு மோஷ் என்று ஒன்று இருக்கிறது. எம்ஐடியில் உருவானது, 2012இல் வந்தது. நுழைவதற்கு எஸ்.எஸ்.எச், அதன் பிறகு நிரந்தர இணைப்பு தேவைப்படாத யூடிபி என்ற அனுப்பும் முறை. ஐபி முகவரி மாறினாலும், சிக்னல் பத்து நிமிடம் இல்லாமல் போனாலும், வந்ததும் தானாகத் தொடரும். திரையின் மேல் ஓரத்தில் நீலப் பட்டி ஒன்றில் ‘கடைசித் தொடர்பு 47 வினாடிக்கு முன்’ என்கிற மாதிரி எண்ணிக்கொண்டே இருக்கும். கல்ஓயாச் சந்தி வரும்வரை அந்த எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு வருவேன். அதுவே ஒரு பொழுதுபோக்கு. லைன் மெதுவாக இருந்தாலும் நீங்கள் அடிக்கும் எழுத்தை ஊகித்து உடனே காட்டும். சேர்வர் அதை உறுதிப்படுத்தும் வரை அடியில் கோடு போட்டு வைக்கும்.

மோஷுக்கு சேர்வரின் ஃபயர்வோலில் 60000 முதல் 61000 வரையான யூடிபி துறைகளைத் திறக்க வேண்டும், சில அலுவலக வைஃபையில் அது நடக்காது. பின்னோக்கி உருட்டவும் முடியாது, திரையில் இருப்பதை மட்டுமே அது கொண்டுவரும். போன் அணைந்து மோஷ் செத்தால் அதே மோஷுக்குத் திரும்பப் போகவும் வழி இல்லை. அதனால் மோஷுக்குள் டீமக்ஸ். உருட்டுவதை டீமக்ஸ் பார்த்துக்கொள்ளும், ரயிலை மோஷ் பார்த்துக்கொள்ளும். போனில் டெர்மக்ஸ் போட்டிருக்கிறேன். அதில் ஒலியைக் குறைக்கும் பட்டன்தான் கொன்ட்ரோல். அதை அழுத்திக்கொண்டு பி, அப்புறம் டி. பக்கத்து ஆசனக்காரர் நான் பாட்டுச் சத்தத்தைக் குறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

டீமக்ஸுக்கு மாற்று இல்லையா? மூத்தது ஸ்கிரீன், 1987இல் வந்தது. இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. ஒரே ஒரு வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றால் அதுவே தாராளம். ஆனால் ரெட் ஹெட் தன் 8ஆம் பதிப்பில் அதை விலக்கி டீமக்ஸைப் பரிந்துரைத்துவிட்டது, புதிதாகப் பழகுகிறவர் இனி அங்கே போகத் தேவையில்லை. செல்லிஜ் என்பது இளையது, ரஸ்டில் எழுதியது. எந்தச் சாவி என்ன செய்யும் என்று அடியிலேயே எழுதிக் காட்டும். தம்பிக்கு அது டீமக்ஸைவிடச் சுலபமாகப் பிடிபட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன் திரையில் அந்தப் பட்டிகளே பாதி இடத்தைத் தின்றன, என் 1 ஜிபி சேர்வரில் மெமரியும் கூடச் சாப்பிட்டது. உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலும் கிடைக்கவில்லை, தனியாக இறக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். பெரிய சேர்வரும் பெரிய திரையும் உள்ளவர்கள் அதையே எடுக்கலாம், நான் குறை சொல்ல மாட்டேன்.

என் சேர்வரில் இப்போது மூன்று செஷன்கள். உப்புவெளி, நிலாவெளி, கன்னியா. முதல் இரண்டும் அந்தந்த ஊர் கெஸ்ட் ஹவுஸ் வேலைக்கு. கன்னியா, சேர்வரைச் சூடாக்கும் நீண்ட வேலைகளுக்கு. வெந்நீரூற்றில் ஏழு கிணறு என்பதால் அதில் ஏழு ஜன்னல்தான் வைத்திருக்கிறேன். எட்டாவது தேவைப்பட்டால் ஏதாவது ஒன்றில் பழைய வேலை மறந்து கிடக்கிறது என்று அர்த்தம், தேடி மூடுவேன். இந்தக் கட்டுப்பாடு இல்லாத காலத்தில், எட்டு மாதத்துக்கு முன் திறந்த, முழு அதிகாரமும் உள்ள ரூட் ஷெல் ஒன்று கவனிப்பாரில்லாமல் கிடந்ததைக் கண்டுபிடித்தேன். அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் தம்பியிடமும் இருந்தது. அதைப் பற்றி சித்தியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை, பல்லு விழுந்த சீப்புக்காக. தொடங்குபவர்களுக்கு என் அமைப்பு ஃபைலில் இருப்பது நாலே வரி: ஹிஸ்டரி-லிமிட் 20000, பேஸ்-இண்டெக்ஸ் 1, மவுஸ் ஒன், கடைசியாக அந்த ‘பைண்ட் ன டிட்டாச்’. உங்கள் கீபோர்ட் தமிழ்99 என்றால் ‘ன’வை எடுத்துவிட்டு ‘உ’ போடுங்கள்.